தேசிக்காயை முகத்தில தேய்க்கச் சொல்லாதேங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கட பேப்பரை நான் 20 வருசத்துக்கு மேல வாசிக்கிறன், முந்தி அப்பா வாங்கினவர், இப்ப வெள்ளவத்தையில எங்கட லேன் முனைக் கடையில ஞாயிற்றுக்கிழமை காலமை பாணோட சேத்து நான் வாங்குறன். ஒருநாளும் கடிதம் எழுதினதில்ல. இப்ப எழுத வச்சது உங்கட பெண்கள் பக்கம்தான். ரெண்டு மூண்டு மாசத்துக்கு முந்தி அதில வயசுப் புள்ளி மறைய எண்டு ஒரு சின்னக் குறிப்பு வந்தது, தேசிக்காயை ரெண்டா வெட்டி சீனியில தொட்டு முகத்தில வட்டமாத் தேய்ச்சு 15 நிமிசத்தால கழுவினா புள்ளி போயிடுமாம். எனக்கு 52 வயசு, வலப்பக்கக் கன்னத்தில புள்ளி இருக்கு, வீட்டில தேசிக்காய் இருந்தது, செய்தன். வேலைக்குப் போற அவசரத்தில வடிவாக் கழுவேல்ல போல, காதடியால கழுத்துக்கு வழிஞ்சது அப்பிடியே காஞ்சிருக்கு, அதோட போய் பஸ் ஹோல்ட் வெயிலில 20 நிமிசம் நிண்டிருக்கிறன்.

அண்டைக்கு ஒண்டும் இல்ல. அடுத்த நாள் எரிய வெளிக்கிட்டது, அதுக்கடுத்த நாள் தண்ணிக் கொப்புளம், ஒரு கிழமையில கொப்புளம் காஞ்சு கபில நிறத்தில ஒரு கோடு, காதடியில துவங்கி கழுத்து வரைக்கும், சாறு வழிஞ்ச பாதையை ஆரோ பேனையால கீறி விட்ட மாதிரி. ஒஃபிஸில ஒரு பிள்ளை "அன்ரி அயன் சுட்டதோ" எண்டு கேட்டாள், ஓம் எண்டு சொல்லிட்டன், தேசிக்காய் எண்டு சொல்ல வெக்கமா இருந்தது.

பிறகு ஸ்கின் டொக்டரை சனல் பண்ணிக் காட்டினாப் பிறகுதான் விளங்கினது. தேசிக்காய்ச் சாறில இருக்கிற ஒரு பொருள் தோலில இருக்கேக்க வெயில் பட்டா தோலைச் சுடுமாம், ஒரு நாள் ரெண்டு நாள் பிந்தித்தான் தெரியுமாம், அந்தக் கறை போகக் கிழமைக்கணக்கு, சில ஆக்களுக்கு மாசக்கணக்கு ஆகுமாம். வெளிநாட்டில பீச்சில நிண்டு தேசிக்காய் பிழிஞ்சு குடிக்கிற ஆக்களின்ர கையிலயும் இப்பிடி வாறது எண்டு சொன்னார். எனக்கு ரெண்டு மாசம் தாண்டியும் இன்னும் லேசா நிக்குது.

சரி, தேசிக்காய்க் கதை அவ்வளவுதான். ஆனா நான் உங்களோட கதைக்க வந்தது அதைவிடப் பெரிய விசயம். உங்கட பெண்கள் பக்கத்தை எடுத்துப் பாருங்கோ, முகப்பரு, கல்யாணத்துக்கு முதல் முகம் பளிச்செண்டு வர என்ன செய்யலாம், பிள்ளை பிறந்த பிறகு முடி கொட்டுறது, எல்லாம் இருக்கு. 45 தாண்டின பொம்பிளைக்கு இருக்கிறது அந்த ஒரு தேசிக்காய்க் குறிப்பு மட்டும்தான். மெனோபோஸ் எண்ட சொல்லை உங்கட பக்கத்தில நான் கண்டதா ஞாபகமே இல்ல. தமிழில மாதவிடாய் நிறுத்தம் எண்டு எழுதுவினம், அந்தப் பேரைக் கேட்டா ஆரோ வந்து நிப்பாட்டினது போல இருக்கு, அது தானா நிக்குது. அதுவும் ஒரு நாளில சுவிச் ஓஃப் பண்ணின மாதிரி நிக்கிறதில்ல, வருசக்கணக்கா இழுத்து இழுத்து, இந்த மாசம் வரும் அடுத்த மாசம் வராது, வந்தா அணை உடைஞ்ச மாதிரி வரும், பிறகு 12 மாசம் தொடந்து வராட்டித்தான் மெனோபோஸ் எண்டு சொல்லுறது. 45க்கும் 55க்கும் இடையில கூடுதலான ஆக்களுக்கு வரும்.

எனக்கு 47 வயசில துவங்கினது. முதலில தெரிஞ்சது வேர்வையும் இல்ல சூடும் இல்ல, கடி. இரவு படுத்தா கெண்டைக்காலிலயும் முதுகிலயும் எறும்பு ஊருற மாதிரி, லைட்டைப் போட்டுப் பாத்தா ஒண்டும் இல்ல, படுக்கை விரிப்பை உதறி, மெத்தையைத் திருப்பி, மூட்டைப்பூச்சி மருந்து கூட அடிச்சனான். சீப்பின்ர பிடியால முதுகைச் சொறிஞ்சு சொறிஞ்சு கோடு கோடா அடையாளம் விழுந்தது. இவர் அலேர்ஜி எண்டார், மகள் சவர்க்காரத்தை மாத்தச் சொன்னாள், அம்மாட்ட யாழ்ப்பாணத்துக்கு ஃபோன் எடுத்தன், அவ எல்லாத்தையும் கேட்டுட்டு, வீட்டில ஆரும் இல்லாத நேரத்திலயும் குரலைக் குறைச்சு "அது நிக்கப் போகுதோ பிள்ளை" எண்டு கேட்டா. 78 வயசு மனிசி ஃபோனிலயே கண்டுபிடிச்சிட்டா, எனக்கு அப்ப கூட விளங்கேல்ல.

என்ன நடக்குது எண்டால், ஈஸ்ட்ரஜன் எண்ட ஹோர்மோன் குறையேக்க தோலின்ர எண்ணெய்ப் பசையும் குறையுது, தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கிற சக்தியும் குறையுது, தோல் மெல்லிசாகுது. தோலுக்கு இறுக்கம் குடுக்கிற கொலாஜன் மெனோபோஸுக்குப் பிறகு வாற முதல் 5 வருசத்தில கிட்டத்தட்ட 30 வீதம் குறையுமாம், அதுக்குப் பிறகு வருசத்துக்கு 2 வீதம் மாதிரி மெல்ல மெல்லக் குறையுமாம். இதை முதலே ஆராவது எனக்குச் சொல்லியிருந்தா நான் ரெண்டு வருசம் கண்ணாடியோட சண்டை பிடிச்சிருக்க மாட்டன். நான்தான் ஒழுங்காச் சாப்பிடுறேல்ல, நித்திரை கொள்ளுறேல்ல, என்னைக் கவனிக்கிறேல்ல எண்டு என்னையே ஏசிக்கொண்டு திரிஞ்சனான்.

கடிக்கு டொக்டர் சொன்ன வைத்தியம் காசு கூடினது இல்ல, அதைத்தான் முக்கியமா எழுத வந்தனான். சுடுதண்ணியில கனநேரம் குளிக்காதேங்கோ, 5 நிமிசம் 10 நிமிசம் போதும். சவர்க்காரத்தை உடம்பு முழுக்கத் தேய்க்காதேங்கோ, கமக்கட்டு, இடுக்கு, கால் இவ்வளவுக்கும் போட்டாக் காணும். பிஎச் எண்டு காரத்தை அளக்கிற அளவில சாதாரண சவர்க்காரக் கட்டி 9, 10, எங்கட தோல் 5 மாதிரி, அதால இருக்கிற கொஞ்ச எண்ணெயையும் அது கழுவிக்கொண்டு போயிடும். ஊரில கிணத்துத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி, சவர்க்காரம் நுரைக்கவே பஞ்சிப்படும், இங்க பைப் தண்ணியில போட்ட உடன நுரை பொங்குது, நுரையைக் கண்டாத்தான் குளிச்ச மாதிரி எண்டு நானும் இவ்வளவு காலம் தேய்ச்சுத் தள்ளினனான். குளிச்சு முடிய துவாயால அழுத்தி ஒத்திட்டு, ஈரம் காய முதல், ரெண்டு மூண்டு நிமிசத்துக்குள்ள கிறீம் பூசவேணும். வாசம் போடாதது, கிளிசரின் இல்லாட்டி செரமைட் இருக்கிறது, அதுவும் இல்லாட்டி சும்மா வசலின். காஞ்ச தோலில எவ்வளவு விலையான கிறீம் பூசினாலும் அவ்வளவு பலன் இல்லையாம்.

இதைக் கேட்டுட்டு எனக்குச் சிரிப்பு வந்திட்டுது, ஏனெண்டால் அம்மம்மா கிணத்தடியில குளிச்சிட்டு, குறுக்குக்கட்டோட, ஈரக் கையில தேங்காய் எண்ணெயை ரெண்டு சொட்டு விட்டு காலிலயும் கையிலயும் பூசிக்கொண்டுதான் வீட்டுக்குள்ள வருவா. நாங்கள் அதை நாகரிகம் இல்ல எண்டு விட்டனாங்கள். உடம்புக்குத் தேங்காய் எண்ணெய் நல்லம், முகத்துக்கு மட்டும் சிலருக்குப் பரு வரும். இந்த வயசிலயும் பரு வாறது, எனக்குத் தாடையில வந்தது, மகளுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில பரு எண்டு வீட்டில பகிடி.

தாடை எண்டோன்ன ஞாபகம் வருது. ஒருநாள் பின்னேரம் ஓட்டோவில போகேக்க சைட் கண்ணாடியில சும்மா முகத்தைப் பாத்தன், அந்த வெளிச்சத்தில தாடைக்குக் கீழ ஒரு மயிர், கறுப்பா, தடிப்பா, சுருண்டு, அரை இஞ்ச் இருக்கும். எவ்வளவு நாளா அதோட மீற்றிங்கில இருந்தனோ தெரியாது. ஈஸ்ட்ரஜன் குறையேக்க உடம்பில ஏற்கனவே இருக்கிற ஆம்பிளை ஹோர்மோனின்ர பங்கு எடுபடத் துவங்குது, அதால தாடையில முளைக்குது, உச்சியில மெலியுது, எவ்வளவு அநியாயம் பாருங்கோ. திரெட் பண்ணலாம், பிடுங்கலாம், வழிக்கலாம், வழிச்சா இன்னும் தடிப்பா வரும் எண்டுறது சும்மா கதை. ஆனா கொஞ்ச மாசத்துக்குள்ள கடகடவெண்டு கூடினாலோ, குரலும் தடிச்சாலோ அது வேற விசயம், டொக்டரிட்டக் காட்டவேணும்.

இனித் தலைமயிர். இதில நான் செய்த பிழையைச் சொல்லவேணும். உச்சி பிரிச்சா முந்தி நூல் மாதிரி ஒரு கோடு, 50 வயசில அது ஒரு விரல் அகலம். குளியலறை ஓட்டையில ஒவ்வொரு நாளும் ஒரு சின்ன அணில் குஞ்சு அளவு மயிர். பாமசியில கேட்டன், பயோட்டின் எண்ட விற்றமின் குளிசை தந்தார், 4 மாசம் விழுங்கினன், ஒரு வித்தியாசமும் இல்ல. அதோட புறக்கோட்டை காபோஸ் லேனில மூலிகைக் கடைக்குப் போய் வெந்தயம், நெல்லி, கரிசலாங்கண்ணி எண்டு பையை நிரப்பிக்கொண்டு வந்து வீட்டில எண்ணெய் காய்ச்சினன், முழு ஃபிளாட்ஸுமே மணந்தது, கீழ் வீட்டு நோனா கேஸ் லீக் ஆகுதோ எண்டு வந்து கதவைத் தட்டினவ.

டொக்டர் முதல் கேட்ட கேள்வி தலையைப் பற்றி இல்ல, பீரியட்ஸ் எப்பிடி எண்டுதான். ரெண்டு வருசமா அள்ளு கொள்ளையாப் போகுது எண்டன். அப்ப பிளட் டெஸ்ட் எழுதித் தந்தார், ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைரோயிட். எழுதிக்கொண்டே பயோட்டின் குளிசை குடிக்கிறீங்களோ எண்டு கேட்டார், ஓம் எண்டன், சில நாளைக்கு நிப்பாட்டிட்டுத்தான் ரத்தம் குடுக்கவேணும், இல்லாட்டி தைரோயிட் ரிப்போர்ட் பிழையா வரும் எண்டார். உது பாமசியில ஆர் சொன்னது? ரிப்போர்ட் வந்தது, தைரோயிட் சரி, ஃபெரிட்டின் 9. உடம்பில இரும்பு சேமிப்பு அடிமட்டம். நான் மெனோபோஸ் மெனோபோஸ் எண்டு அழுதுகொண்டிருக்க, அரைவாசிப் பிரச்சினை ரத்தத்தில இருந்திருக்கு. அதால தங்கச்சிமாரே அக்காமாரே, தலைமயிர் கொட்டினா எண்ணெய் காய்ச்ச முதல் ரத்தத்தைப் பாருங்கோ.

இரும்புக் குளிசை தந்தார், அதைத் தேத்தண்ணியோட குடிக்கக் கூடாது, தேத்தண்ணி இரும்பைச் சேரவிடாது. குளிசைக்கும் தேத்தண்ணிக்கும் இடையில ஒரு மணித்தியாலமாவது விடவேணும். எங்கட ஆக்களுக்கு இதுதான் கஷ்டமான வைத்தியம், காலமை எழும்பினோன்ன பிளேன்ரீ இல்லாட்டி எனக்குக் கண் திறக்காது. தேசிக்காய்த் தண்ணியோட குளிசையைக் குடிச்சா இரும்பு நல்லாச் சேருமாம், ஆசிரியர் அவர்களே, தேசிக்காய்க்கு இந்த வேலையைக் குடுத்திருக்கலாம். முருங்கை இலை, பொன்னாங்காணி, நெத்தலி, பருப்பு எல்லாம் நல்லம், ஆனா அடிமட்டத்தில இருக்கிற ஆக்களுக்குச் சாப்பாடு மட்டும் காணாது.

காய்ச்சின எண்ணெயைப் பற்றியும் கேட்டன், ஏச்சு விழும் எண்டு நினைச்சு. அவர் ஏசேல்ல. தேங்காய் எண்ணெயை முழுக முதல் பூசினா மயிர் உடையிறது குறையும், அது உண்மை, ஆனா வேரில இருந்து புதுசா முளைக்க வைக்காது எண்டார். பொடுகு இருக்கிற தலையில எண்ணெயை ஊற வச்சா பொடுகு கூடும். செவ்வரத்தை இலை, வெந்தயம் எல்லாம் மயிரை மெதுவாக்கும், அவ்வளவுதான். முளைக்க வைக்கிறதுக்கு மினொக்சிடில் எண்ட மருந்து எழுதித் தந்தார், உச்சியில பூசுறது. முதல் ஒண்டரை மாசம் இன்னும் கூடக் கொட்டும், பயந்து விட்டிடாதேங்கோ எண்டு முதலே சொல்லித்தான் தந்தவர், அப்பிடிச் சொல்லாமல் விட்டிருந்தா நான் அந்தப் போத்தலைத் தூக்கி லேனுக்குள்ள எறிஞ்சிருப்பன், தலையணை உறை முழுக்க மயிர். 4 மாசத்துக்குப் பிறகுதான் நெத்தி ஓரத்தில குட்டிக் குட்டியா, பிறந்த பிள்ளையின்ர தலை மாதிரி, ஏதோ தெரிஞ்சது. பூசுறதை நிப்பாட்டினா திரும்பக் கொட்டும், அதையும் தெரிஞ்சுகொண்டுதான் துவங்கவேணும். இன்னொண்டு, டை அடிக்கிற ஆக்கள், 20 வருசமா ஒண்டும் செய்யாத டையும் ஒருநாள் அலேர்ஜியாகலாம், 48 மணித்தியாலத்துக்கு முதல் காதுக்குப் பின்னால கொஞ்சம் பூசிப் பாருங்கோ. கறுப்பு மருதோன்றி எண்டு விக்கிறதிலயும் கனக்க அதே டைச் சாமான்தான் இருக்கு.

வலப்பக்கக் கன்னத்துப் புள்ளிக்கு வாறன். ஏன் வலப்பக்கம் மட்டும் எண்டு நான் யோசிச்சதே இல்ல. டொக்டர் கேட்டார் நீங்கள் காரில போறதோ பஸ்ஸிலயோ எண்டு. நான் 25 வருசமா காலி வீதியால கோட்டைக்கு பஸ், எப்பவும் டிரைவருக்குப் பின்னால ஜன்னல் சீட்தான் தேடுவன். காலமை வடக்க போகேக்க சூரியன் கிழக்கில, எனக்கு வலப்பக்கம். பின்னேரம் தெற்க வரேக்க சூரியன் கடல் பக்கம், அதுவும் வலப்பக்கம். ஜன்னல் கண்ணாடியைப் பூட்டினாலும் யூவீஏ கதிர் உள்ளுக்கு வரும். 25 வருசம் ஒரே கன்னத்தைச் சூரியனுக்குக் குடுத்திருக்கிறன்! கொழும்பு பூமத்திய ரேகைக்கு 7 பாகை வடக்கில இருக்கு, மத்தியானம் வெயிலின்ர கடுமையைக் காட்டுற யூவீ அளவு 11, 12க்கு மேல போறது இங்க சாதாரணம். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன், முகத்துக்கும் கழுத்துக்கும் ரெண்டு விரல் நீளம், வெளியில நிண்டா 2 மணித்தியாலத்துக்கு ஒருக்காத் திரும்ப. எங்கட நிறத்துக்கு சாதாரண சன்ஸ்கிரீன் சாம்பல் பூசின மாதிரி இருக்கும், கபில நிறம் கலந்தது வாங்கினா அந்தத் தொல்லை இல்ல, மங்கு இருக்கிற ஆக்களுக்கு அதுதான் நல்லதாம். விலை கட்டாது எண்டால் குடை, முழுக்கை. இப்ப நான் இடப்பக்கம் இருக்கிறன்.

வெள்ளையாக்கிற கிறீமுகளைப் பற்றி ஒரு சொல். என்னோட வேலை செய்யிற அக்கா ஒராள் சலூனில லேபிள் இல்லாத டப்பாவில வாங்கிப் பூசினவ, ரெண்டு கிழமையில பளிச்செண்டு வந்தது, எல்லாரும் அவவிட்ட விலாசம் கேட்டவை. ஆறு மாசத்தில முகம் முழுக்கச் சிவப்பு நரம்பு, விட்டா எரியுது, பூசினா அடங்குது. அந்த டப்பாவில இருந்தது ஸ்டீரொயிட். மெனோபோஸில ஏற்கனவே மெல்லிசான தோலை அது இன்னும் உரிக்குது. இன்னும் சிலதில பாதரசம், அது சிறுநீரகத்தைப் பிடிக்கும். 2013இல உலக நாடுகள் சேந்து செய்த மினமாட்டா ஒப்பந்தத்தில பாதரசக் கிறீமுகளுக்குத் தடை இருந்தும் இன்னும் வருது. கலோமெல் எண்டு எழுதியிருந்தா அதுவும் பாதரசம்தான். உங்கட பேப்பரில வாற விளம்பரங்களையும் இந்தக் கண்ணால ஒருக்காப் பாருங்கோ, கோவிக்காதேங்கோ.

கீழ்ப்பக்கத் தோலும் காயும், எரியும், கடிக்கும், அதைப் பற்றி எங்கட பொம்பிளையள் வாயே திறக்காயினம். கிருமிநாசினி விட்டுக் கழுவிக் கழுவிப் புண்ணாக்கினதுதான் மிச்சம். வெறும் தண்ணி காணும், அடங்காட்டி டொக்டரிட்ட அதுக்கெண்டு கிறீம் இருக்கு. குறையிற ஈஸ்ட்ரஜனுக்குப் பதிலா எடுக்கிற ஹோர்மோன் குளிசையைப் பற்றிப் பக்கத்து வீட்டு ஆலோசனை எடுக்காதேங்கோ, 2002இல அமெரிக்காவில வந்த ஒரு பெரிய ஆய்வோட எல்லாரும் பயந்தவை, இப்ப ஆளுக்கு ஆள் வயசையும் வருத்தத்தையும் பாத்துக் குடுக்கினம், ஆனா முகச்சுருக்கத்துக்கு எண்டு குடுக்கிற மருந்து இல்ல அது. பீரியட்ஸ் ஒரு வருசம் நிண்டாப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் கண்டாலும் உடன காட்டவேணும், இதை மட்டும் பெரிய எழுத்தில போடுங்கோ.

காசு குடுத்து சனல் பண்ண ஏலாத ஆக்களுக்கு வெல் வுமன் கிளினிக் இருக்கு, சிங்களத்தில சுவ நாரி எண்டுவினம், 1996இல துவங்கினது, 35 வயசு தாண்டின ஆரும் போகலாம், இலவசம். பிரஷர், சீனி, மார்பு, கர்ப்பப்பை வாசல் எல்லாம் பாப்பினம், மெனோபோஸ் பிரச்சினையும் கேக்கலாம். எத்தினை தமிழ்ப் பொம்பிளையளுக்கு இது தெரியும்? நானே 50 வயசிலதான் போனன். அங்க இருந்த நேர்ஸ் பிள்ளை நல்ல பிள்ளை, ஆனா தமிழ் ஒரு சொல்லும் தெரியாது, எறும்பு ஊருற கதையை எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியாமல் கையில விரலை ஓட்டிக் காட்டி "கூம்பி துவனவா வகே" எண்டன், அவ சிரிச்சுக்கொண்டு "மகே அம்மாட்டத்" எண்டா, என்ர அம்மாவுக்கும் அப்பிடித்தான் எண்டு. எனக்குச் சிங்களம் கொஞ்சம் ஓடும், ஓடாத ஆக்கள் என்ன செய்வினம்?

அதால நான் கேக்கிறது ரெண்டு விசயம். ஒக்டோபர் 18 உலக மெனோபோஸ் தினம், அதுக்குக் கிட்ட வாற ஞாயிறு ஒரு முழுப்பக்கம் தாங்கோ, தமிழில வடிவாக் கதைக்கக் கூடிய ஒரு டொக்டரை வச்சு எழுதுவியுங்கோ, வாசகியளின்ர கேள்விக்கும் பதில் போடுங்கோ, பேர் போடாமல் கேக்க விடுங்கோ. மற்றது, அந்தத் தேசிக்காய்க் குறிப்பு பிழை எண்டு அதே பக்கத்தில அதே அளவு எழுத்தில போடுங்கோ.

கடிதம் நீண்டு போச்சு எண்டு தெரியும், இடம் காணாட்டி பஸ் கதையை வெட்டுங்கோ, அணில் குஞ்சையும் வெட்டுங்கோ, ஃபெரிட்டினையும் தேசிக்காயையும் மட்டும் வெட்டாதேங்கோ.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகி ஒருவர்